நாலாம் நம்பரிலிருந்து ஒரு வரி

ஒண்ணும் வரவில்லை. தாரணி திரையை மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். இருப்பது ஒரே வரி. காலையில் திருத்திய ப்ரோக்ராமை ஏற்றிவிட்டதும், ஓட ஆரம்பித்துவிட்டேன் என்று அதுவாக எழுதிக்கொண்ட வரி. அதற்குக் கீழே வெறும் கறுப்பு, அந்தக் கறுப்பில் சின்னதாக ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. என்ன சிமிட்டல் வேண்டிக்கிடக்கு, சொல்லித் தொலையேன். ப்ரோக்ராம் எங்கே இடறினாலும் இங்கே இடறினேன், இதனால் இடறினேன் என்று எழுதிவைக்கிற இடத்துக்குத்தான் லாக் என்று பேர். அது காலியாக இருந்தால் எதுவும் இடறவில்லை என்றுதானே நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு டீமை நடத்துகிற ஜெரால்டு சார், திங்கட்கிழமை மீட்டிங்கில் அவளுடைய லாக்கை எல்லாருடைய திரையிலும் விரித்து, "பாருங்கப்பா, தாரணியோட வேலைய. ஒரு எர்ரர்கூட இல்ல. கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், கொல்லைப்புறத்தில் முருங்கை மரம் நிற்கிற வீட்டில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் கேசரி கிண்டினாள், முந்திரி தாராளமாகப் போட்டு. அந்தக் கேசரியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. எந்த நேரமும் வழுக்கி வழுக்கி விழுகிற ஒரு பிள்ளை திடீரென்று பல நாள் விழவே இல்லை என்றால் அது நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தமா, இல்லை நடக்கவே இல்லை என்று அர்த்தமா. இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா, கைதட்டல் காதை அடைத்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் பிரகாசு, மில்லிலிருந்து வரும்போது மெஸ்ஸில் இட்லி கட்டிக்கொண்டு வந்தார். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்து, சாம்பார்ப் பையின் நூலை அவிழ்த்துக் கொட்டினால் குப்பென்று ஊசல் வாடை. "ஏன் மாமா, கடையிலயே மோந்து பாத்து வாங்கிருக்கலாமல்ல?" என்றாள். "கட்டிக் குடுத்ததப் பிரிச்சா மோந்து பாப்பாங்க? நல்லாத்தான் இருக்கும்னு வாங்கிட்டு வந்தேன்" என்றார் அவர். அவள் சிரிக்க வாயெடுத்தாள், சிரிப்பு பாதியில் நின்றது, கையில் சாம்பார்ப் பையோடு அப்படியே நின்றாள். பிரிக்காமல் வாங்கிக்கொண்டு வந்தது. பிரிக்காமல். தான் எழுதியதும் அதேதான். அவள் எழுதுவது ஹாஸ்கெல் என்கிற மொழியில்; மற்ற மொழிகளெல்லாம் செய் என்றால் உடனே செய்துவிடும், இது அப்படி இல்லை, செய்கிறேன் என்று ஒரு பொட்டலத்தைக் கட்டிக் கையில் கொடுக்கும், உள்ளே இருப்பதை யாராவது எடுத்துப் பார்க்கிற வரைக்கும் கணக்கே போடாது. சோம்பேறி மொழி என்றே அதற்குப் பேர், கேலியாக இல்லை, பாடத்திலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் என்ன செய்திருந்தாள் என்றால், முட்டை பொரிக்கிற மெஷினிலிருந்து வருகிற வெப்ப அளவைப் படிக்கிற இடத்தில் வலை கட்டியிருந்தாள், தப்பு வந்தால் அதில் விழுந்து லாக்கில் எழுதிக்கொள்ளும் என்று. வலைக்குள் வந்து விழுந்ததோ பிரிக்காத பொட்டலம். நல்ல பொட்டலமும் ஊசின பொட்டலமும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்க, வலை எல்லாவற்றையும் சரி சரி என்று உள்ளே விட்டது. ஊசினது பிரிந்து நாறியது அதற்கும் அப்புறம், திரையில் எண்ணைக் காட்டுகிற இடத்தில். அங்கே அவளே போன மாதம் இன்னொரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்: எது நாறினாலும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணையே திரும்பக் காட்டு, திரை வெறுமையாக இருந்தால் பார்க்கிறவர்கள் பயந்துகொள்வார்கள். என்ன ஒரு கரிசனம். சட்டி நிறையச் சோறு இருக்கிறது என்று நேற்றுப் பார்த்ததையே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற கரிசனம். ஆக, எது கெட்டுப் போயிருந்தாலும் லாக்கில் ஒரு வரி வராது, திரையில் ஒரு எண் மாறாது. சாம்பாரைக் கொட்டிவிட்டு, பொடியும் எண்ணெயும் வைத்து அவருக்கு இட்லியைக் கொடுத்துவிட்டு, ஜெரால்டு சாருக்குத் தகவல் அனுப்பினாள். "ஐயையோ. காலைல முத வேலையா இத மாத்திரு" என்று பதில் வந்தது. மாற்றியது ஒரே ஒரு சொல். வலைக்குள் வைத்தே பொட்டலத்தைப் பிரி என்கிற சொல். காலையில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே மாற்றி, ஏற்றியும்விட்டாள். அப்படியும் காலி.

காலி என்றால் நிஜமாகவே எல்லாம் நன்றாக ஓடுகிற காலியா, இல்லை பழைய காலியேதானா, இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி வேண்டுமென்றே ஒரு தப்பை உண்டாக்கிப் பார்ப்பதுதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஹேச்சரிக்குப் போன் போட்டாள். இந்த ப்ரோக்ராம் வேலை செய்வது அங்கேதான், உடுமலைக்குப் போகிற வழியில் ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற மெஷின்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ட்ரே ட்ரேயாக ஆயிரக்கணக்கில் முட்டை. மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் நாச்சிமுத்து. "சொல்லுங்க அம்மிணி, ஸ்கிரீனெல்லாம் ஜம்முனு ஓடுதுங்களே" என்றார். "அண்ணா, ஒரு உதவி வேணுங். ரெண்டாம் நம்பர் மெஷின் காலியாத்தான இருக்கு? அதோட சென்சார் வயர ஒரு நிமிசம் புடுங்கி விடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம். அப்புறம், "நல்லா ஓடறத எதுக்குங்க புடுங்கோணும்?" "புடுங்குனா அலறுதான்னு பாக்கத்தானுங்கண்ணா." "அட, இதென்னங்க அநியாயம், சும்மா இருக்கறவனக் கிள்ளி அழுவுறானான்னு பாக்கறதா?" "அதேதானுங்கண்ணா." அவர் கடகடவென்று சிரித்தார். "சரி, செய்யறனுங்க. நீங்க வெச்ச ஸ்கிரீனு வந்ததுல இருந்து நானு கண்ணாடியில எட்டிப் பாக்கறதையே வுட்டுட்டனுங்க. போன்லயே நம்பர் வந்துருதே, அப்பறம் எதுக்கு." அந்தச் சொல்தான் அவளை இன்னும் விடவில்லை. முன்னாலெல்லாம் மணிக்கொரு தரம் ஒவ்வொரு மெஷினாக நின்று, கதவிலிருக்கிற கண்ணாடி வழியாக உள்ளே தொங்குகிற தெர்மாமீட்டரைப் பார்த்த மனுஷன். பார்க்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொடுத்ததே இவள்தான், போன தை மாதம் அங்கே போய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்று விளக்கியது. நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறேன். நாலாம் நம்பர் மெஷினில் அடை வைத்த முட்டைகளுக்குப் பொரிக்க வேண்டிய நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னார். முட்டைக்குள் இந்நேரம் கண் வந்திருக்கும், அலகு வந்திருக்கும். ஒரு ராத்திரி சூடு ஏறியிருந்தால் போதும், அத்தனையும் ஓட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும், ஓடு வெளியே வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு பிரிக்காத பொட்டலம்.

இன்னமும் வரவில்லை. இந்த மனுஷன் வயரைப் பிடுங்கினாரா இல்லையா. பிடுங்கியும் வரவில்லை என்றால் அதைவிடப் பெரிய வில்லங்கம். இந்த மொழியில் தப்பைச் சொல்ல இரண்டு வழி இருக்கிறது, ஒன்று 'ஒண்ணுமில்லை' என்று மட்டும் சொல்லும், அவ்வளவுதான், ஏன் இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது. இன்னொன்று, அவள் இங்கே வைத்திருப்பது, காரணத்தையும் கையோடு கொண்டு வரும், சரியான பதில் என்றால் வலது பக்கம், தப்பு என்றால் இடது பக்கம், இடது பக்கத்தில் தப்பும் அதன் காரணமும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். கல்லூரியில் இதைப் படித்தபோது, தமிழிலேயே பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு வந்தவளுக்கு வாத்தியார் சொன்னது பாதி புரியவில்லை, இது மட்டும் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் அவள் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார், என்னப்பா என்றால் ஒண்ணுமில்ல என்பார், அதை வைத்துக்கொண்டு உப்பா உறைப்பா உடம்பா என்று மூன்று நாள் மண்டையை உடைக்க வேண்டும். அம்மா அப்படி இல்லை, அம்மா இடது பக்கம், "ரசத்துல புளி தூக்கல், காலு நோவுது, உங்கப்பன் பேசற பேச்சு புடிக்கல" என்று காரணத்தை வரிசையாகக் கொட்டிவிட்டு அடுத்த நிமிஷம் சிரிப்பாள். கல்யாணமாகி வந்த வீடும் ஒண்ணுமில்ல வீடாகப் போயிற்று. பிரகாசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவியைப் பார்ப்பார், என்ன மாமா, ஒண்ணுமில்ல. "ஒண்ணுமில்லன்னா எதுக்கு மூஞ்சி சுரக்கா மாதிரி இருக்குது, காரணத்தச் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்" என்பாள், அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அவளும் யோக்கியமா என்ன. குழந்தை உண்டான ஏழாம் மாதம், ஒரு மத்தியானம், வயிற்றில் அசைவே இல்லை. காலையில் உதைத்தாளா, நேற்று உதைத்தாளா, ஞாபகமில்லை. மாமியார் வந்து ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்றதற்கு, ஒண்ணுமில்லீங்கத்தை என்று இவளே சொன்னாள், சொன்னால் நிஜமாகிவிடும் என்கிற பயத்தில். அப்புறம்தான் தாங்க முடியாமல் ஊர் நர்ஸுக்குப் போன் போட்டாள், அந்தம்மா பதறவே இல்லை, "மொதல்ல ஏதாச்சும் சாப்புடு, ஒருக்களிச்சுப் படு, இடது பக்கமா, கைய வெச்சுக்கோ, அசையலன்னா உடனே பொறப்பட்டு வா" என்றார். இடது பக்கமாகப் படுத்தாள். மின்விசிறி தட்டுக் தட்டுக் என்று சுற்றியது. வெளியே யாரோ சோளம் அரைக்கக் கொண்டு போகிறார்கள், சைக்கிள் கேரியர் கிறீச்சிடுகிறது. எண்ணுவதற்கு எதுவுமே இல்லாமல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பது இருக்கிறதே. அப்புறம் ஒரு உதை, விலாவில், வலிக்கிற மாதிரி, நல்ல கோபமான உதை, எதுக்குடி எழுப்புன என்கிற மாதிரி. வலித்ததற்காக அவ்வளவு அழுதது அவள் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்த உதைக்காரி எங்கே? தாரணி தலையைத் தூக்கினாள். வீட்டில் சத்தமே இல்லை. சஷ்டிகா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் காலில் கொலுசு போட்டார்கள், முத்து முத்தாகச் சலங்கை வைத்தது, எந்த அறைக்குப் போனாலும் சலசலவென்று கேட்கும், சமையல்கட்டில் நின்றுகொண்டே பாப்பா இப்போது பாத்ரூம் பக்கம் போகிறாள் என்று சொல்லிவிடலாம். சலங்கை நின்றால்தான் ஓடவேண்டும். அந்தக் கொலுசை இவளேதான் கழற்றி வைத்தாள், மீட்டிங்கில் சத்தம் கேட்கிறதே, பெங்களூர்க்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று. நினைத்ததும் அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, அங்கேயும் அதையேதான் செய்தேனா, சத்தத்தை நிறுத்திவிட்டு அமைதி என்று பேர் வைத்தேனா. "சஷ்டி? அம்மிணி? தங்கம்?" பதில் இல்லை. கூடத்தில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை, வாசல் கதவு சாத்தித்தான் இருக்கிறது, பக்கெட்? பாத்ரூமில் பக்கெட்டில் தண்ணீர் வைத்தேனா, கவிழ்த்தேனா, கவிழ்த்தேன், கவிழ்த்த மாதிரித்தான் ஞாபகம், கடவுளே கவிழ்த்திருக்க வேண்டும், இரண்டு எட்டில் போய்ப் பார்த்தாள், கவிழ்ந்துதான் இருந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன முதுகு தெரிந்தது. குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, தென்னந்துடைப்பத்தை மடியில் படுக்க வைத்து, அதற்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேங்காயெண்ணெய் பாட்டில் காலியாகக் கிடந்தது. துடைப்பம் பளபளவென்று இருந்தது, குழந்தையும் பளபளவென்று இருந்தாள், தரையும். "ச்சூ. பாப்பா தூங்குது" என்றாள், துடைப்பத்தைக் காட்டி. தாரணிக்கு அடிக்கக் கை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அப்படியே அள்ளி இடுப்பில் வைத்தாள், வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நைட்டியெல்லாம் எண்ணெயாக மேஜைக்குத் திரும்பினாள். கறுப்புத் திரையில் இரண்டாவது ஒரு வரி இருந்தது.

வந்திருச்சு என்று வாய் முதலில் கத்திவிட்டது, கண் அதற்கப்புறம்தான் படித்தது. வெப்ப அளவைப் படிக்க முடியவில்லை. எண் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் வந்திருக்கின்றன. மெஷின், நாலு. நாலா? இரண்டில்லையா? திரும்பப் படித்தாள், எண்ணெய் விரலால் திரையைத் தடவிக்கூடப் பார்த்தாள், தடவினால் நாலு இரண்டாகிவிடுமா. நாலு. மூன்றாவதாகவும் வரி வந்தது, அதுவும் நாலு. காலையில் ஏற்றிய திருத்தம் ஒவ்வொரு மெஷினாகத்தான் போய்ச் சேரும், நாலாம் நம்பருக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. காலியாக இருக்கிற மெஷின் இல்லை, கண்ணும் அலகும் வந்த முட்டைகள் இருக்கிற மெஷின். பக்கத்து ஜன்னலில் ஹேச்சரியின் திரை திறந்திருந்தது, அதில் நாலாம் நம்பருக்கு நேராகப் பச்சை நிறத்தில், சாந்தமாக, நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு இழை கீழே, முட்டைக்கு வேண்டிய சூடு, என்று இருந்தது, எத்தனை நாளாக அதே எண் அங்கே உட்கார்ந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும், அவள் வைத்த கரிசனம். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள், ஏதோ கோயில் பாட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது, எடுங்கண்ணா, எடுங்கண்ணா, சூடு ஏறியிருக்குமா, ஏறியிருந்தால் எப்போது ஏறியது, கேசரி கிண்டினேனே அன்றைக்கா, கைதட்டினார்களே அப்போதா, கைதட்டும்போது உள்ளே வெந்துகொண்டிருந்ததா. ஆயிரக்கணக்கில். இவள் வீட்டில் ஒரே ஒரு அடைக்கோழி இருந்தது சின்ன வயதில், முட்டையில் ஒன்று கூமுட்டையாகப் போனாலே அம்மா உச்சுக் கொட்டுவாள். "இன்னேரம் எடுக்கணுமே." குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்து, "ஆலோ" என்றது போனைப் பார்த்து. அந்த ஆலோவுக்கு எடுத்த மாதிரி அந்தப் பக்கம் குரல் வந்தது. "சொல்லுங்க பாப்பா! அம்மிணி, கோவிச்சுக்காதீங்க, இன்னும் ரெண்டாம் நம்பருகிட்டயே போகலீங்க. டீக்கு வெளிய வந்தேன், வந்தது தப்பாப் போச்சு, திரும்ப உள்ள போவோணும்னா தலையோட தண்ணி ஊத்தி, துணி மாத்தித்தான் போவோணுமே, குஞ்சுகளுக்குச் சீக்கு ஒட்டிக்கும்ல." "அண்ணா, ரெண்ட வுடுங்க. நாலு. நாலாம் நம்பர் பேசமாட்டேங்குது. உடனே உள்ள போயி கண்ணாடியில பாருங்க." அவர் குரலிலிருந்து சிரிப்பு போய்விட்டது. "ஸ்கிரீன்ல நல்லாத்தானுங்களே காட்டுது?" "ஸ்கிரீன நம்பாதீங்கண்ணா. அது பழைய நம்பரு. நாந்தான் தப்பா எழுதிட்டேன். கண்ணால பாருங்க." "குளிச்சுப்போட்டு ஓடறனுங்க."

குளித்துவிட்டு. ஒரு ஆள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துவட்டி, அங்கே மாட்டியிருக்கிற வெள்ளைத் துணியைப் போட்டு, செருப்பை மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும். போனை அவர் கட் பண்ணவே இல்லை, எங்கேயோ மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தம், அவர் குளிரில் உஸ் என்கிறது, தாரணி இங்கே குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு அந்நிய மனுஷன் குளிக்கிற சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், வேறொரு நாளாக இருந்தால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஊத்துங்கண்ணா, சீக்கிரம், சோப்பெல்லாம் வேண்டாம். நாலாவது வரி, ஐந்தாவது வரி, நாலு, நாலு. இத்தனை நாள் வாயைக் கட்டிப் போட்டிருந்ததற்கெல்லாம் சேர்த்துக் கத்துகிறது. கத்து, நல்லாக் கத்து. சூடு ஏறாமல் கூட இருக்கலாம், அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சூட்டை ஏற்றி இறக்குகிறது மெஷினுடைய வேலை, அதற்குத் தனியாக ஒரு சென்சார் இருக்கிறது, என்னுடையது பார்த்துச் சொல்கிற வேலை மட்டும்தான், பார்த்துச் சொல்கிறவன் குருடானால் சோறு பொங்காமலா போய்விடும். போகாது. ஆனால் பொங்கி வழிந்தால் சொல்ல ஆள் இல்லை. வழிந்ததா? இரும்புக் கதவு திறந்தது, மெஷின்களின் காற்றாடிச் சத்தம் காதை அடைத்தது, ரப்பர் செருப்பு சர்க் சர்க் என்று நடந்தது, நின்றது. அவள் போனைக் காதோடு அழுத்தினாள். குழந்தை எண்ணெய்க் கையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டது.

"அம்மிணி." "சொல்லுங்கண்ணா." "கண்ணாடியில பாத்தனுங்க. நூத்துக்கு ஒரு இழை கீழ. கச்சிதமா நிக்குது." "நல்லாப் பாத்தீங்களா?" "ரெண்டு தடவ பாத்தனுங்க. சூடெல்லாம் ஒண்ணும் ஏறல. உங்க வயருதான் பின்னால கழண்டு தொங்குது, பக்கத்து மெஷினக் கழுவுன பசங்க பைப்ப இழுக்கையில சேர்த்து இழுத்திருக்கானுக. இருங்க, எதுக்கும் ஒரு முட்டைய எடுத்து லைட்டுல புடிக்கறேன்." ட்ரேயை இழுக்கிற சத்தம் காற்றாடிச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. "ஆடுதுங்க. நரம்பெல்லாம் சிவப்பா ஓடி, உள்ள ஆடுது. இன்னொண்ணு எடுக்கறேன். இதும் ஆடுது. எதுக்குடா எழுப்புனங்கற மாதிரி ஒதைக்குதுங்க." தாரணிக்கு விலாவில் சுரீர் என்றது, பழைய இடத்தில். நாற்காலியில் உட்கார்ந்தாள், நின்றுகொண்டுதான் இருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, வாயோ சிரித்தது, இரண்டையும் எது எங்கே என்று பிரிக்க முடியவில்லை. "வயர மாட்டிட்டனுங்க" என்றார். திரையில் நாலாம் நம்பர் வரிகள் நின்றன. பக்கத்து ஜன்னலில் எண் ஒரு துளி மாறியது, மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, உயிரோடு இருக்கிற எண் இப்படித்தான் அசையும், இதைக்கூட இத்தனை நாள் பார்க்கவில்லையே. "இப்ப ரெண்டாம் நம்பரப் புடுங்கட்டுங்களா? கிள்ளிப் பாக்கோணும்னீங்களே?" "புடுங்குங்கண்ணா!" கொஞ்ச நேரத்தில் வந்தது. மெஷின், இரண்டு. படிக்க முடியவில்லை. காரணம், எண்ணுக்குப் பதில் கோடுகள். அவள் வீல் என்று கத்தியதில் குழந்தையும் என்னவென்றே தெரியாமல் சேர்ந்து கத்தியது. "அடடா, என்னாச்சுங்க?" "எர்ரர் வந்திருச்சுண்ணா!" "எர்ரர் வந்ததுக்கா இந்த ஆட்டம்? என்ற பொண்ணு பத்தாவது பாஸான அன்னிக்குக்கூட எங்க வீட்ல இவ்ளோ சத்தமில்லீங்க." "அண்ணா, இனிமே நீங்க கண்ணாடியிலயும் பாக்கோணும். நானும் பாப்பேன், நீங்களும் பாருங்க." "பாக்கறனுங்க. குளிச்ச குளிக்கு அதாவது செய்யறேன்."

வயர் என்றைக்குக் கழன்றதோ, அது மட்டும் அவளுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அந்த நாட்களில் லாக்கில் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு ராத்திரி சூடு ஏறி இறங்கியிருந்து, எங்கேயோ ஒரு ட்ரேயில் ஓரமாக நாலைந்து முட்டை ஆடாமல் கிடந்தால்கூட, பொரிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். அது ஒரு சின்ன முள்ளாக அவளுக்குள் இருந்துகொண்டுதான் இருந்தது, இருக்கட்டும். மனசு லேசாக இருந்தது, ஈரத்துணியைப் பிழிந்து உதறின மாதிரி. பழைய எண்ணைத் திரும்பக் காட்டுகிற கரிசனத்தைத் தூக்கி எறிந்தாள், எண் கிடைக்கவில்லை என்றால் திரையில் கிடைக்கவில்லை என்றே காட்டட்டும், பயப்படுகிறவர்கள் பயப்படட்டும், பயந்தால்தானே எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் இன்னும் ஒரு சின்ன வேலை, ஒவ்வொரு மெஷினும் எந்தத் தப்பும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது, இருக்கிறேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று சேர்த்தாள். ஏற்றினாள். காத்திருந்தாள். ஒன்று இருக்கிறேன் என்றது. இரண்டு, மூன்று. நாலு இருக்கிறேன் என்றது. அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், நனைந்த தலையோடு நிற்கிற மனுஷனையும், ஓட்டுக்குள் உதைக்கிறதையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. குழந்தைக்கு எண்ணெய் பிசுக்குப் போகச் சீயக்காய் தேய்த்து ஊற்றி, தரையையும் துடைத்து, துடைப்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலில் வைத்துவிட்டு வருவதற்குள் மீட்டிங் ஆரம்பித்துவிட்டது. சேர்ந்துகொண்டே பீரோவைத் திறந்து, வளையல் டப்பாவுக்குள்ளிருந்து கொலுசை எடுத்து, ஒரு காலில் மாட்டினாள், மற்ற காலைப் பிடிப்பதற்குள் குழந்தை ஓடிற்று, ஒற்றைக் கொலுசோடு சல், சல், சல் என்று, ஒரு கால் விட்டு ஒரு கால் சத்தமாக. ஜெரால்டு சார் பேச்சை நிறுத்தினார். "யார் பக்கமோ சத்தம் வருது, என்ன அது? தாரணி, நீங்களா? மியூட் பண்ணிக்கிறீங்களா?" சமையல்கட்டு, நடை, கூடம், இப்போது அரிசி மூட்டைப் பக்கம் திரும்புகிறாள். "இல்லீங்க சார்" என்றாள் தாரணி, சிரித்துக்கொண்டே. "அது கேட்டுட்டே இருக்கட்டுங்க."